வெட்கத்தோடு சொன்ன ஸ்தோத்திரம்

என் வியாதியின் பெயரை வாயால் சொல்ல எனக்கு ஏறக்குறைய மூன்று வருஷம் பிடித்தது. காகிதத்தில் எழுத இன்னும் பல வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதும் கை கூசத்தான் செய்கிறது. ஆனாலும், இதே நோயோடு வீட்டுப் பின்கட்டில் ஒடுங்கிக் கிடக்கிற ஒருத்தி இதைப் படிக்கவோ, யாராவது படித்துச் சொல்லிக் கேட்கவோ நேர்ந்தால், அவளிடம் சுற்றி வளைத்துப் பேசிப் பிரயோஜனமில்லை. எனக்கு மூத்திரம் ஒழுகிக்கொண்டே இருந்தது. நின்றாலும் உட்கார்ந்தாலும் படுத்தாலும், என்னைக் கேட்காமல் ஒழுகிக்கொண்டே இருந்தது. அதுதான் வியாதி.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. என் கணவர் சாலமோன் அலங்காநல்லூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். ஊரில் கிறிஸ்தவ வீடுகள் கொஞ்சம். மற்றதெல்லாம் காடுகரை வைத்துப் பாடுபடுகிற குடும்பங்கள். எங்கள் மகள் ரூத்துக்கு அப்போது ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. நான் இரண்டாவதாக உண்டாகியிருந்தேன்.

வலி கண்டது ஐப்பசி அடைமழையில். முதல் நாள் போய், இரண்டாம் நாளும் போனது. குழந்தை இறங்கவில்லை. மருத்துவச்சி தனக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள். மதுரைக்குக் கொண்டுபோக என் கணவர் வண்டி பூட்டினார். வாய்க்கால் உடைத்துக்கொண்டு பாதை முழுக்கச் சேறு. அச்சுவரை இறங்கிவிட்ட வண்டியை ஆள் சேர்த்துத் தள்ளித் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள். கடைசியில் பிறந்தது ஆண் குழந்தை. அது அழவில்லை.

காய்ச்சல் அடித்து ஓய்ந்து, இனி பிழைத்துக்கொள்வேன் என்று எல்லாரும் மூச்சுவிட்ட ஒரு காலையில் பாய் நனைந்திருந்தது. உடம்பு அசதி, அதனால்தான் என்று நினைத்தேன். மறுநாளும் நனைந்தது. அதற்குப் பிறகு காயவே இல்லை.

பின்னால் டாக்டரம்மா எனக்கு விளக்கியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரசவம் நீண்டுபோனால் குழந்தையின் தலை தாயின் இடுப்பெலும்பில் வந்து முட்டி நின்றுவிடும். எலும்புக்கும் தலைக்கும் நடுவே மூத்திரப்பையின் சதை நசுங்கிக் கிடக்கும். அங்கே ரத்தம் ஓடாது. ரத்தம் ஓடாத சதை செத்துப்போகும். சில நாளில் அது கழன்று விழுந்தால் அந்த இடத்தில் ஓட்டை. பிறகு மூத்திரப்பையில் எதுவும் தங்காது. தாய் செய்த பாவமும் இல்லை, யாரும் வைத்த செய்வினையும் இல்லை. அடைபட்ட பிரசவம், அவ்வளவுதான்.

இது அப்போது எனக்குத் தெரியாது. பழைய சேலைகளைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டேன். தண்ணீர் குடித்தால்தானே வரும் என்று தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொண்டேன். அதனால் மூத்திரம் இன்னும் காட்டமாகி, தொடையெல்லாம் வெந்து புண்ணானது. வாசனையை என்ன செய்ய முடியும்? சாம்பிராணி போட்டேன். ஊரில் யாருக்கும் வீட்டில் தினம் சாம்பிராணி போடுகிற அளவுக்கு வசதியில்லை. அதுவே காட்டிக்கொடுத்தது.

அவர் என் துணிகளை விடியுமுன் வாய்க்காலுக்கு எடுத்துப் போய் அலசிக்கொண்டு வருவார். வாத்தியார், ஊரே எழுந்து நின்று மரியாதை செய்கிற மனுஷர். "குடுங்க, நானே அலசிக்கிறேன்" என்று ஒருநாள் வாளியைப் பிடித்து இழுத்தேன். "உன்னால குனிய முடியுதா? விடு எஸ்தர்" என்று வாங்கிக்கொண்டு போனார். அவர் முகத்தில் சலிப்பு தெரிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். தெரியவில்லை. அதனால் நான் இன்னும் சிறுத்துப்போனேன்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும்.

என் தாத்தா தாது வருஷப் பஞ்சத்தில் மதுரை ரோட்டோரம் விழுந்து கிடந்த பையன். வழியே போன ஒரு பெண் தன் பங்குக் கூழில் பாதியை அவர் வாயில் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறாள். பிற்பாடு மிஷனில் வளர்ந்து, விசுவாசத்துக்கு வந்து, குடும்பமான பிறகும் அவருக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்ததாம். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லிவிட்டேன், அந்தப் பெண்ணுக்குச் சொல்லவில்லையே, பேர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று. அதனால் தன் வீட்டில் ஒரு முறை வைத்தார். சாயங்கால ஜெபம் முடிந்ததும், இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல வேண்டும். அது ஒரு மனுஷர் கையால் வந்ததென்றால், மறுநாள் அவரிடமே போய் அதைச் சொல்ல வேண்டும். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். 'எல்லாவற்றுக்காகவும்' என்று மொத்தமாகச் சொல்லித் தப்பிக்கக் கூடாது. என் அப்பா இதை எங்களுக்குப் பழக்கினார். கல்யாணமாகி வரும்போது நான் இதைக் கொண்டுவந்தேன். என் கணவருக்கும் பிடித்துப்போனது. ரூத் பேசத் தொடங்கியதுமே சொல்லத் தொடங்கினாள். "கன்னுக்குட்டி என்னை நக்குச்சு, ஸ்தோத்திரம்" என்பாள். மறுநாள் கன்றுக்குட்டியிடமும் போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

குழந்தையை அடக்கம் செய்ததிலிருந்து என் முறை வரும்போது நான் வாய் திறக்கவில்லை. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அவர் கொஞ்சம் காத்திருந்து பார்த்துவிட்டுத் தம் முறையைச் சொல்வார். ஆண்டவர் முன்னால் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறோமே என்று எனக்கே அவமானமாக இருக்கும். கோயிலுக்குப் போனாலும் கடைசியில் வாசலோரம் உட்கார்ந்துவிட்டு, ஆசீர்வாதம் சொல்லுமுன் எழுந்து வந்துவிடுவேன்.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அறுப்பின் பண்டிகை வந்தது. நெல்லும் பூசணிக்காயும் வாழைத்தாருமாகக் கோயில் நிறைந்திருந்தது. சாட்சி சொல்லுகிறவர்கள் சொல்லலாம் என்று உபதேசியார் சொன்னார். பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் எழுந்து, விளைச்சலுக்கும் மழைக்கும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். திடீரென்று ரூத் எழுந்து நின்றாள். எல்லாரும் சிரித்தபடி அவளைப் பார்த்தார்கள்.

"எங்கம்மா பாயி இன்னைக்கு கொஞ்சந்தான் நனைஞ்சிருந்துச்சு. முந்தி மாதிரி அம்புட்டு நனையல. ஸ்தோத்திரம்" என்றாள்.

உள்ளதை உள்ளபடி சொன்னாள். நாங்கள் பழக்கியபடி சொன்னாள். பெண்கள் பக்கத்தில் யாரோ மூக்கை மூடிக்கொண்டு சிரித்த சத்தம் கேட்டது. எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது. நான் எழுந்தேன். நான் உட்கார்ந்திருந்த இடம் ஈரமாக இருந்தது. அதை எல்லாரும் பார்க்கும்படி விட்டுவிட்டுத்தான் நான் வெளியே போக வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ரூத்தை நான் அடிக்கவில்லை, வையவும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். "நான் தப்பாச் சொல்லிட்டனாப்பா?" என்று அவள் கேட்பது காதில் விழுந்தது. "இல்லம்மா. ஆனா வீட்டுக்குள்ள நடக்கிறத வெளிய சொல்லாத" என்றார் அவர். அன்று சாயங்காலம் அவள் முறை வந்தபோது உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். மறுநாளும் அப்படித்தான். எங்கள் வீட்டில் அந்த வழக்கம் அவர் ஒருவர் வாயில் மட்டும் மிஞ்சியது.

ஆனால் அந்தச் சிறுபிள்ளை சொன்னதை மரியம்மாள் அக்கா கேட்டிருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற விதவை அவர். பண்டிகைக்காக எங்கள் ஊருக்கு வந்திருந்தார். இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தார். நான் நகர்ந்தேன். அவரும் கூடவே நகர்ந்தார்.

"எத்தன மாசமா ஒழுகுது?"

நான் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

"பிரசவத்துக்குப் பெறகுதான?"

தலையை ஆட்டினேன்.

"கிறுக்குப் புள்ள. இதுக்கு ஆப்பரேசன் இருக்கு. மதுரையில பொம்பளைங்க ஆஸ்பத்திரியில பண்றாங்க. நான் கூட்டிட்டுப் போயிருக்கேன், ஆறி வந்தவங்களப் பாத்திருக்கேன். நாளைக்கே கெளம்பு."

அவர் போன பிறகு நான் அழுதேன். மருந்து இருக்கிறது என்ற சந்தோஷத்தில் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். அது மட்டும் இல்லை. என் மகள் மானத்தை வாங்கியிராவிட்டால் மருந்து இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பிள்ளைக்குத்தான் நான் முகம் கொடுக்காமல் படுத்திருந்தேன்.

மதுரைக்குப் பஸ்ஸில் போகத் துணிச்சல் வரவில்லை. ரூத்தை உறவுக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, வைக்கோல் பரப்பிய வண்டியில் அவரும் நானும் போனோம். ஆஸ்பத்திரியில் முதலில் காத்திருக்கிற இடம். நீளமான பெஞ்சுகள், நெருக்கமாகப் பெண்கள், பிள்ளைகள், இருமல், அழுகை. நான் உட்காராமல் தூணோரம் நின்றேன். ஒரு நர்ஸ் வந்து, "ஏம்மா நிக்கிறே? உக்காரு" என்று அதட்டினாள். இடம் விட்டு நகர்ந்த இரண்டு பெண்கள், மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்கள். அப்போது பெஞ்சின் அந்தக் கோடியில் துப்பட்டி போட்டிருந்த ஒருத்தி கையைக் காட்டினாள்.

"இங்கிட்டு வா புள்ள. நானும் நனைஞ்சவதான். ரெண்டு பேருமா நாறுவோம், வா."

அவள்தான் பாத்திமா. மதுரைப் பழைய ஊருக்குள் சந்துவீட்டுக்காரி. முதல் பிரசவத்திலேயே இந்த நோய் வந்தது. புருஷன் வேறு நிக்காஹ் செய்துகொண்டான். அக்காள் வீட்டில் ஒண்டியிருந்தவள், அங்கேயும் பேச்சுக் கேட்க முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே தலையணை உறையும் திரைச்சீலையும் தைத்துக்கொடுத்துக்கொண்டு தங்கிவிட்டாள். அவளுக்கு ஏற்கனவே இரண்டு முறை ஆப்பரேசன் செய்து, ஆறாமல் போயிருந்தது.

டாக்டரம்மா கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்தாதவர். என்னை மேசையில் படுக்கவைத்துக் கால்களை விரித்துக் கட்டினார்கள். நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண்கள் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மூத்திரத்துவாரத்தில் மெல்லிய குழாயை நுழைத்து, நீல மருந்து கலந்த தண்ணீரை உள்ளே விட்டார்கள். ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே நீலம் வெளியே வரும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்களாம். வந்துவிட்டது. டாக்டரம்மா என் முகத்துத் துணியை விலக்கினார்.

"உன் மூத்திரப்பை ஒரு பை. அதில் ஒரு கிழிசல். நான் தையல் போடுகிறேன். தையல் ஆறும்வரை பைக்குள் தண்ணீர் சேரக் கூடாது. அதனால் குழாய் வைத்து வடியவிடுவேன். நீ நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்."

"தண்ணி குடிச்சா இன்னும் வருமே?"

"வரட்டும். குடிக்காததால்தான் உன் தோல் வெந்திருக்கிறது."

முதலில் புண்கள் ஆற வேண்டும், உடம்பில் ரத்தம் ஊற வேண்டும் என்று பாலும் முட்டையும் கொடுத்துச் சில வாரம் வைத்திருந்தார்கள். பிறகு முதுகெலும்பில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்து ஆப்பரேசன் செய்தார்கள். விழித்தபடியே கிடந்தேன். கத்தரி வைக்கிற சத்தமும், டாக்டரம்மா நூல் கேட்கிற சத்தமும் மட்டும் கேட்டது.

அதன் பிறகுதான் உண்மையான ஆஸ்பத்திரி நாட்கள். குப்புறப் படுக்க வேண்டும். காயத்தின்மேல் ஈரம் தேங்காமல் இருக்க அதுதான் வழி. ரப்பர் குழாய் கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் போய் விழும். சொட்டுச் சொட்டாக விழுகிற சத்தத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே கிடப்பேன். சத்தம் நின்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அடைத்தால் பை வீங்கித் தையல் பிரிந்துவிடும். கண் அசந்தால்கூடச் சத்தம் நிற்கிறமாதிரி தோன்றித் திடுக்கிட்டு விழிப்பேன். மலம் கழிப்பதிலிருந்து எல்லாம் படுத்த இடத்தில். அடுத்தவர் கை என்மேல் படும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வேன்.

அவர் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வளவுக்குள் வேப்பமரத்தடியில் மூன்று கல் வைத்துக் கஞ்சி காய்ச்சினார். ஆண்களை வார்டுக்குள் விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகக் கொடுப்பார். செலவுக்கு எங்கள் சக்திக்கு ஏற்றபடி கொடுத்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அப்படிச் சொன்னதே எனக்குத் தலைகுனிவாக இருந்தது. வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத ஆளாக ஆகிவிட்டேன் என்று மனசு குன்றியது.

பாத்திமா தைக்கிற துணியை எடுத்துக்கொண்டு என் கட்டிலருகே வந்து உட்காருவாள். பாட்டிலை அவள்தான் பார்த்துக்கொள்வாள். "நீ தூங்கு. சொட்டு நின்னா நான் எழுப்புறேன்" என்பாள். பேச்சுவாக்கில் எங்கள் வீட்டு வழக்கத்தை அவளிடம் சொன்னேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

"அப்ப தெனம் மாலையில நாம ரெண்டு பேரும் சொல்லுவோம். நான் அல்லாகிட்ட சொல்றேன், நீ உங்க ஆண்டவர்கிட்ட சொல்லு."

"எனக்கு வர மாட்டேங்குது பாத்திமா."

"வரலேன்னா கேட்டுக்கிட்டுக் கெட." அவள் மட்டும் சொல்வாள். ஊசியில் முதல் தடவையே நூல் நுழைந்ததற்கு. அக்காள் மகன் வந்து எட்டிப் பார்த்ததற்கு. ஒருநாள், "இந்தப் புள்ள பாட்டில்ல இன்னைக்கு ரத்தமில்லாம வந்ததுக்கு" என்றாள்.

குழாயை எடுக்கிற நாள் வந்தது. எடுத்துவிட்டு நர்ஸ் என்னை எழுப்பி நடக்கவிட்டாள். ஜன்னல் வரைக்கும் போனேன். அவர் வெளியே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்படியே நின்றிருக்கும்போது தொடையில் வெதுவெதுப்பாக இறங்கியது. என் முகத்தைப் பார்த்து அவருக்குத் தெரிந்துவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஓட்டை முன்பைவிடச் சின்னதாகியிருக்கிறது. சதை ஆறட்டும். மழைக்காலம் கழிந்து வா. இன்னொரு முறை செய்யலாம்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்குத் திரும்பினோம். ஊரில் எல்லாரும் ஆறிவிட்டதா என்று அவரைக் கேட்டார்கள். ரூத் கேட்கவில்லை. நான் மறைத்து உலர்த்தியிருந்த துணியைப் பார்த்தாள், அதோடு சரி. ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்கிற பிள்ளை, தூரமாக நின்று, "தண்ணி வேணுமாம்மா?" என்று கேட்கிற பிள்ளையாக மாறியிருந்தாள். வாய் திறந்தால் அம்மாவுக்கு அவமானம் வந்துவிடும் என்று அவள் பயந்தாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது என் மௌனம்.

மழை ஓய்ந்ததும் மறுபடி போனேன். பாத்திமாவுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் ஆப்பரேசன். எனக்கு இரண்டாவது, அவளுக்கு மூன்றாவது. இந்தத் தடவை பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பேரும் குப்புறக் கிடந்தோம். இரண்டு பாட்டில்களும் சொட்டிக்கொண்டிருந்தன. "எம்பாட்டிலு முந்துதா, ஒம்பாட்டிலு முந்துதா?" என்று பாத்திமா பந்தயம் கட்டுவாள். சிரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் எங்கள் இருவரையும் திட்டுவாள்.

அவளுக்கு முதலில் குழாயை எடுத்தார்கள். வார்டின் நடுவில் நின்றுகொண்டிருந்தவள் கீழே குனிந்து பார்த்தாள். தரையைத் துடைக்கத் தானே துணி எடுத்து வந்தாள். ஓட்டை பெரிது, சுற்றிலும் தழும்பு, இனித் தைக்கச் சதை இல்லை என்று டாக்டரம்மா அவள் கட்டிலில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

எனக்கு மறுநாள் எடுத்தார்கள். நடந்தேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்தேன். அடிவயிற்றில் ஒரு பாரம் ஏறியது. என்னவென்று முதலில் விளங்கவில்லை. பிறகு புரிந்தது: மூத்திரம் முட்டுகிறது. எழுந்து போகலாம், போகாமல் கொஞ்சம் அடக்கியும் வைக்கலாம். போய்விட்டு வந்து சேலையைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது.

கட்டிலுக்குத் திரும்பி வந்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். பக்கத்தில் பாத்திமா தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அடியில் மடித்த துணி. அவளைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. எனக்குக் கிடைத்தது அவளிடமிருந்து பிடுங்கி வந்ததுபோல இருந்தது. பொழுது சாய்ந்தது.

"என்ன புள்ள, சொல்லலையா?" என்றாள் பாத்திமா.

"என்னத்த?"

"ஒங்க வீட்டு வழக்கத்த. நான் இம்புட்டு நாளும் சொன்னேன், நீ கேட்டுக்கிட்டுக் கெடந்தே. இன்னைக்கு ஒனக்கு வரலேன்னு சொல்லாத. ஒஞ்சேல காஞ்சு கெடக்கிறத நான் பாக்கலேன்னு நெனச்சியா?"

"ஒனக்கு முன்னால எப்படி பாத்திமா..."

ஊசியைத் துணியில் குத்திவிட்டு அவள் நிமிர்ந்தாள். கோபமாகத்தான் இருந்தாள்.

"எனக்குக் கெடைக்கலேன்னு நீ முழுங்கிட்டா எனக்கு ஆறிருமா? ஒம்பாட்டில நான் பாத்தேன். அதுல எனக்கும் பங்கு இருக்கு. அத நீ மூடி வச்சேன்னா எம்பங்கையும் சேத்துத்தான் மூடுறே. சொல்லு. சத்தமாச் சொல்லு."

நான் சொன்னேன். "இன்னைக்கு எனக்கு ஒழுகல. ஆண்டவரே, ஸ்தோத்திரம். பாத்திமா, நீ எம்பாட்டிலப் பாத்துக்கிட்டே. ஒனக்கு நன்றி." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ம்" என்றாள். வெகுநேரம் கழித்து, "நான் இன்னைக்கு ஒண்ணும் சொல்லல. நாளைக்குச் சொல்றேன்" என்றாள்.

ஊருக்கு வந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனேன். ரூத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார்ந்தேன். சாட்சி நேரத்தில் எழுந்தேன். ரூத்தின் கை என் கைக்குள் விறைத்துக்கொண்டது. 'சுகம் தந்தாரே' என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் என் மகள் இந்த இடத்தில் நின்று உள்ளதைச் சொன்னவள். அதைவிடக் குறைத்து நான் சொன்னால், அவள் செய்தது தப்பு என்று ஆகிவிடும்.

"பிரசவத்துக்குப் பெறகு எனக்கு மூத்திரம் அடங்காம ஒழுகிக்கிட்டு இருந்துச்சு. போன பண்டிகைக்கு முந்துன பண்டிகையில எம்மக ரூத் இங்க நின்னு சொன்னது உண்மை. அவ சொன்னதாலதான் மரியம்மா அக்கா என்னய ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. ரெண்டு தடவ ஆப்பரேசன் பண்ணி ஆறிருச்சு. என் துணிய எம்புருசன் அலசினாரு. பாத்திமான்னு ஒருத்தி ராப்பகலாப் பாத்துக்கிட்டா, அவளுக்கு ஆறல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

வெட்கம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஆண்கள் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது எப்போதும்போலப் பேச யாரும் அருகில் வரவில்லை. "இதெல்லாமா கோயில்ல சொல்றது?" என்று ஒரு பெரியம்மா என் காதுபடவே சொன்னாள். அவர் மட்டும் என் பக்கத்தில் நடந்து வந்தார். துணி அலசிய கதை ஊருக்குத் தெரிந்துபோனதில் அவர் காதும் சிவந்துதான் இருந்தது.

அன்று சாயங்காலம் ஜெபம் முடிந்தது. இளையவளின் முறை. நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வழக்கமாக இப்போது அவர்தான் தொடங்குவார். அவர் வாயைத் திறக்குமுன் ரூத் பேசினாள்.

"கோயில்ல எல்லாரும் எங்களப் பாத்தாங்க. எனக்கு ஓடிப் போகணும்போல இருந்துச்சு. அம்மா கை நடுங்குச்சு, ஆனா என் கைய விடல. ஸ்தோத்திரம்."

பிறகு மறுநாள் வரைக்கும் காத்திருக்காமல் என் பக்கம் திரும்பி, "ஒனக்கும் நன்றிம்மா" என்றாள்.

அதிலிருந்து இன்றுவரை அவள் நிறுத்தவில்லை. போன மாதம் கல்யாணமாகிப் போன வீட்டிலும் தொடங்கிவிட்டதாக மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னார். பாத்திமா அக்காள் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவளுக்கு இன்றைக்கும் ஒழுகுகிறது. பண்டிகை வருகிறபோதெல்லாம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். ஒவ்வொரு தடவையும் அவள் வீட்டு வாசலில் எனக்குக் கால் கூசுகிறது. ஒவ்வொரு தடவையும் அவள்தான் கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறாள்.

நான் கோயிலில் பேசிச் சில நாள் கழித்து, உச்சி வெயிலில் ஒரு பெண் எங்கள் பின்வாசலில் வந்து நின்றாள். மேற்கே பக்கத்து ஊர்க்காரி, காட்டுவேலை செய்கிற குடும்பம், பேர் பேச்சி. வாத்தியாரம்மா சாமி முன்னால் என்னமோ சொன்னாளாம் என்று களை எடுக்கிற இடத்தில் பேசிச் சிரித்திருக்கிறார்கள். இவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே வா என்றேன். வரமாட்டேன் என்றாள். அவள்மேல் அடித்த வாசனை எனக்குத் தெரிந்த வாசனை. அவள் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் வண்டி பூட்டினோம். பேச்சி வைக்கோலின் மேல் உட்காராமல் வண்டியின் ஓரக்கட்டையில் தொற்றிக்கொண்டு நின்றாள்.

"ஆறிருமா வாத்தியாரம்மா?"

"எனக்கு ஆறிருச்சு. எங்கூட இருந்தவளுக்கு ஆறல. ரெண்டும் நடக்கும் பேச்சி."

அவள் கொஞ்சநேரம் மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலையைக் காலோடு சேர்த்துச் சுற்றிக்கொண்டு வைக்கோலில் இறங்கி, என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"சரி, போவோம்" என்றாள்.